சொம்பு நிறையத் தண்ணீர்

1984 சித்திரையில் கடைவீதி முனையிலிருந்த மாடிக் கட்டடத்தை இடித்தார்கள். கீழே ஜவுளிக்கடையும் சைக்கிள் கடையும், மேலே லாட்ஜ். காரைக்காலுக்கு வந்தவர்கள் ஒருமுறையாவது அதன் நிழலில் பஸ்ஸுக்கு நின்றிருப்பார்கள். அங்கே மூன்று மாடிக்குப் புதுக் கடைகள் கட்ட உரிமையாளர் சேக் அலாவுதீன் முடிவு செய்திருந்தார்.

அந்தப் பழைய கட்டடத்தின் மேற்குச் சுவர்தான் என் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கிழக்குச் சுவர். அப்பா விட்டுப்போன ஒற்றை அறை. விலங்கியல் படித்து முடித்து, ஒரு மைக்ராஸ்கோப்புடன் நான் தொடங்கியது. சுவர் சாய்ந்தால் அறையும் போய்விடும். எனக்கு வேறு இடம் கிடையாது.

இடிக்க வந்தவர் காசியம்மா. போலகத்துக்காரர், பத்து ஆட்களுக்குத் தலைவி. கட்டடத்தை மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு என் அறைக்குள் வந்து அண்ணாந்தார். தூசி விழாமலிருக்க, கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியிருந்தேன்.

"மேல என்ன இருக்கு, புள்ள?"

"துணிங்க."

"அது தெரியுது. துணிக்கு மேல?"

மேசையில் ரத்தம் தடவிய ஸ்லைடுகள் காய்ந்துகொண்டிருந்தன. துணியை அவிழ்த்தால் அத்தனையும் பாழ். "இது தனிக் கட்டடங்க. பத்திரத்துல அப்படித்தான் இருக்கு" என்றேன். அலாவுதீனும் அதையே சொல்லியிருந்தார்.

காசியம்மா வற்புறுத்தவில்லை. ஒரு சொம்பில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அந்தக் கிழக்குச் சுவர் அலமாரியில் வைத்தார்.

"தண்ணி தளும்புனா ஒரு கொரல் குடு. மேல நிக்கிறவன் காதுல விழணும்."

நோயாளியின் பெயரைக்கூட நான் உரக்கக் கூப்பிட மாட்டேன். பக்கத்தில் போய்த்தான் சொல்வேன். வாசலில் நின்ற மருதையன், அவருடைய ஆள், சிரித்தார். "அக்கா, இந்தப் பொண்ணு சீட்டுல எழுதித்தான் அனுப்பும். சீட்டு வர்றதுக்குள்ள செவுரு வந்துடும்."

அவர்கள் வேலை செய்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். முதலில் கதவுகள். பிறகு மட்டப்பாவை, மொட்டைமாடித் தளத்தை, சதுரம் சதுரமாகப் பெயர்த்தார்கள். செங்கற்கள் கை மாறி இறங்கின, ஒன்றும் விழவில்லை. தூசிக்கு ஈரச் சாக்கு. ஒரு பஸ்ஸைக்கூட நிறுத்தவில்லை. காசியம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. விரலை உயர்த்துவார், கடப்பாரைகள் நிற்கும். மூன்று நாளில் மாடி இல்லை.

சொம்பையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் போனால் மெல்லிய வளையங்கள் தோன்றி நடுவில் சேரும். அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தெரிந்துகொண்டேன்.

நான்காம் நாள் கீழ்த்தளத்துக் கூரை உத்திரங்களுக்கு வந்தார்கள். முதல் தேக்கு மரத்தின் மறுமுனையை விடுவித்து, கயிற்றில் தாங்கி, என் சுவரிலிருந்து உருவுவதற்காக நெம்பினார்கள். தண்ணீரில் வளையம் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தது. தலைக்கு மேல் துணியில் காரை பொலபொலவென்று கொட்டியது.

தெருவுக்கு ஓடினேன். "காசியம்மா, நிறுத்துங்க" என்று கத்தினேன். அக்கா என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்கள். மேலே ஒரு விரல் உயர்ந்திருந்தது.

அவர் வந்து துணியை அவிழ்த்தார். அங்கே உத்திரங்கள் சுவரைத் துளைத்து வந்து என் கூரையைத் தாங்கி நின்றன. இரு பக்கத்துக்கும் ஒரே மரம். எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஒரு காலத்துல ஒரே கட்டடம், எந்த அண்ணன் தம்பியோ பாகம் பிரிச்சிருக்காங்க. உத்திரத்துக்கு யாரும் சொல்லல" என்றார் காசியம்மா.

பின்னாலேயே வந்த அலாவுதீன், "அப்ப முழு மரம் வராதா?" என்றார்.

"வரும் மொதலாளி. கூடவே இந்தப் புள்ள மைக்ராஸ்கோப்பும் வரும். பரவாயில்லீங்களா?"

அலாவுதீன் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அறுத்துடுங்க" என்றார்.

என் பக்கம் முட்டுக்கொடுத்துவிட்டு, ஏழு உத்திரங்களையும் சுவரோடு ஒட்ட ரம்பத்தால் அறுத்தார்கள். இரண்டு நாள் ஆனது. சொம்பை மீண்டும் நிரப்பி வைத்திருந்தேன். பஸ் வளையங்கள் மட்டுமே வந்தன.

போகும் நாளில் காசியம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். "தலை சுத்துது. ரத்தம் கொறவான்னு பாரு." விரலைப் பிடித்தேன். அத்தனை கடப்பாரைகளை நிறுத்திய விரல் பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பார்த்தது. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"சொல்லிட்டுக் குத்து, புள்ள. சத்தமாச் சொல்லு."

சொன்னேன்.