நான்கு நூல் விரிசல்

தையல்காரி ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று கைபேசியைத் தூக்கினால் போதும், உள்ளே இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். வீட்டு வரியை ஏற்றுவதற்கு ஆள் வைத்து வேவு பார்க்கிறார்கள் என்று முதலில் ஒரு பேச்சு. அப்புறம், இடித்துக் கட்டுகிற யாரோ ஒரு பெரிய புள்ளிக்கு இவள் தரகு பார்க்கிறாள் என்று இன்னொரு பேச்சு. கடைசியில் அவள் எடுப்பதெல்லாம் சுவரில் பதித்த கல்லைத்தான், இன்னார் அடிக்கல் நாட்டினார், இன்ன வருஷம் இன்னார் திறந்து வைத்தார் என்று எழுதியிருக்கிறதே அதைத்தான் என்று தெரிந்தபோது, தெருவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

தபால் நிலையம், பழைய ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி, பாலம் என்று முந்நூற்றுச் சொச்சம் கற்கள் அவள் கைபேசியில் இருந்தன. ஒவ்வொரு படத்திலும் கல்லின் ஓரமாக அவளுடைய இஞ்சு டேப் தொங்கும். அளவு இல்லாமல் எடுத்தால், கல் உள்ளங்கை அகலமா கதவு அகலமா என்று பின்னால் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்பது அவள் கட்சி. "கல்லுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்பது அவள் வீட்டுக்காரர் கட்சி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்பதைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்காவிட்டால், சந்தர்ப்பத்தை அவரே உண்டாக்கிக்கொள்வார்.

ஐந்து நாளாக விடாத மழை. தைக்கக் கொடுக்க யாரும் வரவில்லை. தையல் இயந்திரத்தின் மேலேயே கைபேசியைச் சாய்த்து வைத்து, படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். பாலத்துக் கல் மட்டும் மூன்று தடவை வந்தது. ஆறு மாதம் முன்பு எடுத்ததில் நிழல் விழுந்துவிட்டது. போன மாதம் எடுத்ததில் எவனோ சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். நேற்று எடுத்ததுதான் சுத்தமாக வந்திருந்தது. முதல் இரண்டையும் அழித்துவிடலாம் என்று விரலை வைத்தவள், வைத்தபடியே நின்றாள்.

கல்லின் நடுவே, திறந்து வைத்த வருஷத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு விரிசல். முதல் படத்தில் டேப்பை ஒட்டி எண்ணினால் ஒரு நூல். இரண்டாவதில் இரண்டு நூல். நேற்றையதில் நான்கு. இஞ்சுக்கு எட்டு நூல் என்றால், அரை இஞ்சு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். கால்சட்டை நீளத்தில் ஒரு நூல் தப்பாதவள் இதில் தப்புவாளா? மறுபடியும் நான்குதான். தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு அந்தப் பாலத்தின் மேல்தான் அவள் வீட்டுக்காரர் போகிறார்.

அவரிடம் காட்டினாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார், பார்த்ததாகப் பேர். சுற்றுவழியில் போனால் இருபத்தைந்து நிமிஷம் கூடும், எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டைச் சாத்திவிடுவார்கள், பிள்ளைகள் மழையில் நிற்பார்கள், தன் வேலை தெருவில் நிற்கும் என்று அடுக்கினார்.

"உன் கல்லு ஒடஞ்சா நீ உக்காந்து அழு. பாலத்த நான் பாத்துக்கறேன்."

படங்களைக் கொண்டுபோய், ரோடு பாலமெல்லாம் பார்த்துக்கொள்கிற ஓவர்சீயரிடம் காட்டினாள். அவர் மூன்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "கல்லுதாம்மா விரிஞ்சிருக்கு, பாலம் இல்ல" என்றார். கல்லுக்குக் கீழே சுவரிலும் கோடு இறங்குகிறதே என்றதற்கு, அது பூச்சு வெடிப்பு என்றார். அவ்வளவு சந்தேகமாக இருந்தால் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டிப் பாருங்கள், பாலம் அசைந்தால் காகிதம் கிழியும் என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். அவளைக் கிளப்பிவிட்டால் போதுமென்று அவர் சொன்னது அது. அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே துணி வெட்டுவதற்கு மாதிரி போடுகிற மெல்லிய காகிதத்தில் ஒரு பட்டை நறுக்கி, பசையோடு பாலத்துக்குப் போனாள். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதால் கல்லின் மேல்பாதி நனையாது. அங்கே விரிசலின் குறுக்கே ஒட்டி, காயும்வரை குடையும் கையுமாக நின்றாள். அந்த வழியாக வந்த இஸ்திரிக்காரர், தையல்காரி இப்போது பாலத்துக்குப் பிளாஸ்திரி போடுகிறாள் என்று தெருமுனையில் சொல்ல, கேட்டவர்கள் எல்லாம் சிரித்து முடிக்க ராத்திரிச் சாப்பாடு ஆகிவிட்டது.

மறுநாள் ஏழே முக்காலுக்குப் போய்ப் பார்த்தாள். காகிதம் நடுவில் நேராகக் கிழிந்திருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார், பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். நல்ல பழக்கம்தான். அன்றைக்கு அந்த நல்ல பழக்கத்தை அவள் என்னவெல்லாம் திட்டினாள் என்பதை அச்சில் போட முடியாது. நான்காவது தடவை மணி அடித்து ஓயும்போது, வளைவில் மஞ்சள் பஸ்ஸின் மூக்கு தெரிந்தது. அதன் பின்னாலேயே ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று.

பாலத்தின் வாயில், ரோட்டின் நட்டநடுவே போய் நின்றாள். பஸ் அவளுக்கு நான்கு முழத்தில் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் பிள்ளைகளின் மூக்கு.

அவர் இறங்கி வந்தார். குரலை உயர்த்தவில்லை. அவருக்குக் கோபம் தலைக்கேறினால் குரல் இறங்கிவிடும் என்பது தெருவுக்கே தெரியும்.

"வீட்டுக்குப் போ. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீங்க இதப் பாருங்க, அப்பறம் போறேன்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கல்லிடம் கூட்டிக்கொண்டு போனாள். மழையில் ஊறிக் கிழிந்திருக்கும் என்றார். தொட்டுப் பாருங்கள் என்றாள். காகிதம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதன் இரண்டு முனைகளும் எதிரெதிரே விலகி நின்றன. லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். மணி ஏழு ஐம்பத்து நான்கு. பதினோரு வருஷப் பெருமை நிமிஷத்துக்கு நிமிஷம் கரைந்துகொண்டிருந்த எரிச்சலில், இவ்வளவுதானா உன் விரிசல் என்று காட்டுவதற்காக, அவர் சுண்டுவிரலை அதற்குள் விட்டார். முதல் கணு வரை போயிற்று.

அந்த நேரம் பார்த்து லாரிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியை ஒடித்து, பஸ்ஸைத் தாண்டிப் பாலத்தில் ஏறினான்.

கல் விரலைக் கடித்தது.

அவர் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. லாரி நடுப்பாலத்தைத் தாண்டியபோதுதான் கல் பிடியை விட்டது. நகம் வெளுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. லாரியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரையில் அது ஏறி இறங்கும்வரை அவள் அவர் மணிக்கட்டை விடவில்லை.

அப்புறம் அவர் போய், பஸ்ஸைப் பின்னால் எடுத்து, ரோட்டை அடைத்துக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஊளையிட்டன. ஒருவர் அவருடைய பெற்றோரை விசாரித்தார், இன்னொருவர் பாட்டனாரையும் சேர்த்து விசாரித்தார். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டிருந்தார். தையல்காரி பஸ்ஸுக்குள் ஏறி, அழுத சின்னதுகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்த ஓவர்சீயர் வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டு ரோட்டை மறித்தாய், வண்டியை எடு என்றார். டிரைவர் விரலை நீட்டினார். ஓவர்சீயர் அதைப் பார்த்தார், கிழிந்த காகிதத்தைப் பார்த்தார், இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கரையில் இறங்கினார். மேலே ஏறி வந்தபோது இடுப்பு வரை சேறு, வாயில் சத்தம் இல்லை. இக்கரைத் தூணின் அடியில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு மண் அரித்துப்போயிருந்ததாம். மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் தகரத்தட்டி வைத்து அடைத்துவிட்டார்கள்.

பாலம் இடிந்து விழுந்திருந்தால் தெரு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும். விழவில்லை. மூன்று மாதமாக எல்லாரும் ஏழு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். அவள் படம் எடுக்காமல் இருந்திருந்தால் பாலம் நன்றாகத்தானே இருந்தது என்று இஸ்திரிக்காரர் தெருமுனையில் நியாயம் கேட்கிறார், நாலு பேர் தலையாட்டுகிறார்கள். தையல்காரி காதில் போட்டுக்கொள்வதில்லை, கால்சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருப்பாள். பதில் சொல்வதெல்லாம் அவள் வீட்டுக்காரர்தான். இப்போது இருபத்தைந்து நிமிஷம் முன்னாடியே வண்டியைக் கிளப்பித் தெருவை எழுப்பிவிடுகிறவர், போகிற போக்கில் இஸ்திரிக்காரர் பக்கம் நிறுத்தி, நகம் விழுந்து பாதி முளைத்த விரலை ஜன்னல் வழியாக நீட்டுவார்.

"வாங்களேன், போய் உங்க வெரலையும் ஒரு தடவ விட்டுப் பாப்போம்."

இஸ்திரிக்காரர் குனிந்து கரியை ஊதுவார்.