வெங்காயக் கொட்டிலில் ஒருவர்

"உது உள்ளுக்கை வராது," என்றாள் உதயகலா. வேலிவாசல் படலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி அடைத்துக்கொண்டு நின்றாள்.

நிவேதனா தோளில் ஒரு பையும் கையில் ஓர் அட்டைப் பெட்டியுமாக வெயிலில் நின்றாள். பெட்டியின் வெளியே கிறீம் பிஸ்கற் என்று எழுதியிருந்தது. உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய எலும்புகள்: ஓர் இடுப்பெலும்பு, ஒரு தொடை எலும்பு, முழங்கால் சிரட்டை, பாதத்தின் சின்னஞ் சிறு துண்டுகள். மருத்துவ பீடத்தில் அவளுக்கு மூத்தவளான தக்சாயினி, படித்து முடித்துக் கைமாற்றிவிட்ட பெட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நெல்லியடியில் இறங்கும்போது, "கடைக்குப் போற சாமானோ பிள்ளை?" என்று கேட்டார். அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டாள்.

"அம்மா, இது வெறும் எலும்பு."

"ஆற்றையோ எலும்பு. செத்தவீட்டுக்குப் போட்டு வந்தாலே தலையிலை வாத்திட்டுத்தான் உள்ளுக்கை வாறது. நீ செத்தவரையே கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறாய்."

தோட்டத்திலிருந்து வந்த அருட்செல்வன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சரும், வந்த ஆளை வெயிலிலை நிப்பாட்டி வைக்காதையும். ஒரு தேத்தண்ணியாவது குடும்."

"நீங்கள் சும்மா இருங்கோ."

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. பெட்டி வளவின் பின்பக்கத்து வெங்காயக் கொட்டிலில் இருக்கும். நிவேதனா அங்கேயே படிக்கலாம். எலும்பைத் தொட்டால் தீட்டு, அதாவது துடக்கு; கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். தொடாமல் படிப்பதென்றால் எவ்வளவும் படிக்கலாம், சாமியறை வாசலில் இருந்தும் படிக்கலாம்.

நிவேதனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இந்தக் காலத்திலும் துடக்கா என்று இரண்டு தரம் கேட்டாள். கதவையும் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினாள். ஆனால் அறைக்குள் போய்க் கட்டிலில் விழுந்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல மூச்சுவிட்டது. அது நிம்மதி என்று கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

உண்மை இதுதான். நிவேதனாவுக்கு எலும்பைத் தொட முடியாது.

படத்தில் என்றால் எல்லாம் தெரியும். எந்தத் தசை எந்த மேட்டில் பிடித்திருக்கிறது, எந்த நரம்பு எந்தத் துவாரத்தால் நுழைகிறது, என்ன நோய் வந்தால் எந்த விளிம்பு கரையும், எல்லாம் தொலைபேசித் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து மனப்பாடம். ஆய்வுகூடத்தில் சிநேகிதி ஜெசிதா எலும்பைப் பிடித்துக்கொள்வாள். இவள் தள்ளி நின்று சரியான பதில் சொல்வாள். ஆனால் வாய்மொழிச் சோதனையில் ஜெசிதாவை அழைத்துப்போக முடியாது. போன தடவை விரிவுரையாளர் ஒரு தொடை எலும்பை எடுத்து அவளுடைய வெறுங்கையில் வைத்தார். இந்தக் காலை ஒருவர் என்றோ சொறிந்திருப்பார் என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்தது. அவ்வளவுதான். இடத்தை வலம் என்றாள், தலைப்பக்கத்தை அடி என்றாள், பிறகு மன்னிக்கவும் சேர் என்றாள்.

வீட்டில், சேர் சரியான கடுமை என்று சொல்லி வைத்திருந்தாள். மறுசோதனை அடுத்த மாதத் தொடக்கத்தில். இதிலும் தவறினால் கூடப் படித்தவர்கள் எல்லாரும் வைத்தியசாலை விடுதிகளுக்குப் போய்விடுவார்கள். அவள் தனக்குப் பின்னால் வந்தவர்களோடு திரும்ப முதலிலிருந்து உட்கார வேண்டும்.

"எடி, எலும்பைத் தொட்டனியோ?" ஜெசிதா தினமும் தொலைபேசியில் கேட்டாள்.

"அம்மா விடமாட்டா. துடக்காம்."

"எங்கடை அம்மா எலும்புப் பெட்டிக்குப் பக்கத்திலை மெழுகுதிரி கொளுத்தி வைச்சிருக்கிறா. நான் படிக்காட்டிலும் உவர் மோட்சத்துக்குப் போயிடுவார். உன்ரை அம்மாவிட்டை நான் கதைக்கட்டே?"

"வேண்டாம், வேண்டாம். அவவின்ரை மனம் நோகும்."

அம்மாவின் மனத்தைப் பற்றி நிவேதனா இவ்வளவு அக்கறைப்பட்டது அந்த வீட்டு வரலாற்றில் முதல் தடவை. தன் பயத்துக்கு அம்மாவின் ஆசாரத்தைக் காவல் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்தும், தினமும் குசினி வாசலில் நின்று, "உங்களாலைதான் நான் படிக்கேலாமல் கிடக்கு," என்று முறையிட்டாள். கோபம் எவ்வளவு வசதியான இருக்கை! ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழும்பவே தேவையில்லை.

ஆனால் அம்மா அந்த முறைப்பாட்டை நம்பிவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு காலை தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே உதயகலா கேட்டாள்: "பிள்ளை, உந்த ஆளுக்கு அந்தியேட்டி செய்ததோ?"

"என்னது?"

"செத்து முப்பத்தோராம் நாள் செய்யிற கிரியையெல்லே. அது செய்தால்தானே துடக்குக் கழியும். உவருக்கு ஆரும் செய்திருக்க மாட்டினம். அதுதான் இன்னும் துடக்காய்க் கிடக்கு. நாங்கள் ஏதும் செய்துவிட்டால் சரி. பேந்து நீ மேசையிலை வைச்சு வடிவாய்ப் படி."

நிவேதனா கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தாள். "பேர் ஊர் தெரியாத ஆளுக்கு எப்பிடியம்மா செய்யிறது?"

"அதுதான் ஐயரிட்டைக் கேட்டனான்."

அம்மா குருக்களுக்கே தொலைபேசி எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு எலும்பாக ஒருவர் வந்திருக்கிறார் என்று தொடங்கினாளாம். அவர் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். பிறகு அவர், பெயரும் நட்சத்திரமும் தெரியாவிட்டால் பாதகமில்லை, இறந்த தகப்பன்மாருக்கு ஆடி அமாவாசை, தாய்மாருக்குச் சித்திரைப் பௌர்ணமிப் பறுவம், அன்றைக்கு நினைத்துப் படைத்துவிடுங்கள், போதும் என்றாராம்.

"வாற கிழமை பறுவம். நான் எங்கடை அம்மாவுக்கு விரதம் பிடிக்கிறனான்தானே, அதோடை உவவுக்கும் ஒரு இலை போட்டுவிடுவன். ஆம்பிளை எண்டால் ஆடி வரும்மட்டும் பொறுக்கத்தான் வேணும்." அம்மா தோசையைப் புரட்டினாள். "ஆணோ பெண்ணோ?"

இவ்வளவு சின்னக் கேள்வி. பெண் என்றால் வருகிற கிழமை எலும்புகள் மேசைக்கு வந்துவிடும். ஆண் என்றால் சோதனை முடிந்து போகும்வரை கொட்டிலிலேயே கிடக்கும்; அவளுடைய காரணமும் பத்திரமாக இருக்கும்.

"ஆம்பிளை போலை கிடக்கு," என்றாள் நிவேதனா.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "போலையோ? டொக்டராகப் போறவை 'போலை' எண்டு சொல்லித்தான் மருந்து குடுக்கிறதோ? வா, காட்டு பாப்பம்."

வெங்காயக் கொட்டிலின் தகரக் கூரை அந்த நேரத்துக்கே சூடேறியிருந்தது. உதயகலா துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கவிழ்த்து வைத்த மரப்பெட்டி ஒன்றில் இருந்தாள். கொட்டிலில் வெங்காய மணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் முறை முறைதானே.

"எதிலை தெரியும்?"

"இடுப்பெலும்பிலை. பின்பக்கத்திலை ஒரு வளைவு இருக்கு. கட்டைவிரலை அதுக்குள்ளை வைச்சுப் பாக்கவேணும். விரல் இறுகி நிண்டால் ஆம்பிளை. அங்காலை இங்காலை ஆட இடமிருந்தால் பொம்பிளை."

"அப்ப வை."

"கையுறை உள்ளுக்கை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

"விரலுக்கு இடமிருக்கோ எண்டு பாக்க உறை என்னத்துக்கு?" அம்மாவின் கண்கள் துவாய்க்கு மேலாக அவளை அளந்தன. "நிவே. எனக்குத் துடக்கு. உனக்கு என்ன?"

பதில் சொல்லாமல் தப்புவதற்கு ஒரே வழி, கையை நீட்டுவதுதான். அவள் செய்தித்தாளைப் பிரித்தாள். எலும்பு குளிர்ந்திருக்கும் என்றுதான் அவள் எப்போதும் நினைத்திருந்தாள். அது குளிரவில்லை. கூரையின் சூட்டில் இளஞ்சூடாக, பனங்கிழங்கு ஒடியல் போலக் காய்ந்து, நினைத்ததைவிட இலேசாக இருந்தது. கட்டைவிரலை வளைவுக்குள் வைத்தாள். விரல் ஆடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம். இன்னொரு விரலுக்கும் இடமிருக்கும் போல.

"பொம்பிளை," என்றாள். பொய் சொல்ல நினைத்திருந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

அம்மாவின் துவாய் மூக்கிலிருந்து இறங்கியது. "ஐயோ பாவம். பிள்ளை பெத்தவவோ?"

"இந்தக் கீறலைப் பாத்துச் சிலபேர் சொல்லுவினம். ஆனால் நிச்சயமாய்ச் சொல்லேலாது எண்டுதான் புத்தகத்திலை கிடக்கு."

"எழுதினவர் ஆம்பிளையாய் இருக்கும். என்ன வருத்தத்திலை செத்தவ?"

"அது எலும்பிலை தெரியாதம்மா."

"வேறை என்னதான் தெரியும் உனக்கு?"

கேட்ட விதம் குத்தியது. நிவேதனா தொடை எலும்பை எடுத்தாள். எடுத்தபின்தான் எடுத்ததைக் கவனித்தாள். "இது இடது கால். தலை உள்பக்கம் பாக்குது, முழங்கால் முட்டு பின்னுக்கு நிக்குது, அப்ப இடம். இஞ்சை பாருங்கோ, முட்டின்ரை விளிம்பிலை முள்ளு முள்ளாய் வளந்திருக்கு. இந்த இடம் கண்ணாடி மாதிரி மினுங்குது. எலும்புக்கு மேலை கசியிழையம் எண்டு வழுவழுப்பாய் ஒரு போர்வை இருக்கும். அது தேஞ்சு போச்சு. பேந்து எலும்பும் எலும்பும் நேரை உரசியிருக்கு. உரசி உரசித்தான் இந்த மினுக்கம்."

உதயகலா எட்டிப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"அப்ப உவவுக்குக் குந்தேலாமல் இருந்திருக்கும்," என்றாள்.

"ஓம்."

"குந்தினால் எழும்பேலாது. எதையாவது பிடிச்சுத்தான் எழும்பவேணும். காலமை முதல் நடையிலை உயிர் போகும், பேந்து கொஞ்சம் பறவாயில்லை."

"அதெல்லாம் உங்களுக்கு எப்பிடி..." என்று தொடங்கிய நிவேதனா நிறுத்தினாள். அம்மா மரப்பெட்டியில் இருந்தாள். இந்தக் கொட்டிலில் மற்ற வருடங்களில் அம்மா தரையில் குந்தியிருந்துதான் வெங்காயம் தெரிந்தெடுப்பாள். முழங்கால் நோகுது பிள்ளை என்று எப்போதோ சொன்னாள். வயசு போனால் வாறதுதான் அம்மா என்று, திரையில் ஒரு முழங்காலைச் சுழற்றிக்கொண்டே பதில் சொன்னது நிவேதனாவுக்கு ஞாபகம் வந்தது.

"எப்ப தொடக்கம் அம்மா?"

"நான் உவவைப் பற்றித்தான் கதைக்கிறன்."

"காலைக் காட்டுங்கோ."

"போடி. தொட்ட கையோடை என்னையும் துடக்காக்காதை. முதல்லை போய்க் குளி."

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். உதயகலா கதிரையில் இருந்து, யாருக்கோ உபகாரம் செய்வதுபோல நீளச் சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டாள். நிவேதனா சிரட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, காலை மடக்கி நீட்டச் சொன்னாள். உள்ளே நறநறவென்று மணல் அரைபட்டது. கொட்டிலில் கண்ட முள்ளையும் மினுக்கத்தையும் இப்போது தோலுக்கு மேலாக அவளுடைய கை பார்த்தது. ஒருவரை அறிய அவரைத் தொட்டுத்தான் ஆகவேண்டும் என்பது இவ்வளவு எளிய விசயமா? அதற்கு ஏன் இவ்வளவு பயந்தோம் என்று யோசித்தாள்.  காலை இன்னொரு தரம் மடக்கச் சொன்னாள்.

"கிளினிக்குக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். அதுவரைக்கும் கதிரையிலை இருந்து காலை நீட்டி நீட்டி மடக்கவேணும். கசியிழையத்துக்கு இரத்தம் போறேல்லை. மூட்டு ஆடினால்தான் அதுக்குச் சாப்பாடு."

"அப்ப எனக்கு இந்த வீட்டிலை வேலை குறையாது எண்டுறாய்."

பறுவத்தன்று உதயகலா விரதமிருந்து, கோயிலில் சித்திரைக் கஞ்சி வார்க்கும் இடத்துக்கும் போய் வந்து, இரண்டு இலை போட்டாள். ஒன்று தன் தாய்க்கு. மற்றதன் முன்னால் அருட்செல்வன் மோர்மிளகாயோடு தயங்கி நின்றார்.

"உவவுக்கு உறைப்புப் பிடிக்குமோ?"

"எலும்பிலை அது தெரியாதப்பா," என்றாள் நிவேதனா.

"பிள்ளை பொறுப்பாய்க் கதைக்கிறாள்," என்றார் அவர் மனைவியிடம். "தெரியாததைத் தெரியாது எண்டுறாள். டொக்டர் வந்திட்டா."

மறுநாள் பிஸ்கற் பெட்டி முன்வாசலால் உள்ளே வந்தது. தூக்கி வந்தது அம்மாதான். அன்றிலிருந்து மேசையைத் துடைக்க வந்தால், "கொஞ்சம் தள்ளுங்கோ," என்று தொடை எலும்புக்கும் மரியாதையாகச் சொன்னாள். நிவேதனா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் எலும்பாக எடுத்து இடமா வலமா என்று பழகினாள். எதிரே கதிரையில் அம்மா காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அந்த நறநறப்பு, படிப்புக்குத் தாளம் போட்டது.

சோதனையன்று அதே விரிவுரையாளர் ஓர் இடுப்பெலும்பை அவளுடைய வெறுங்கையில் வைத்தார். முதல் நொடியில் பழைய நினைப்பு எட்டிப் பார்த்தது. அவள் அதைத் துரத்தவில்லை. வந்தவர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கட்டைவிரலை வளைவுக்குள் வைத்தாள். விரல் இறுகி நின்றது. கொஞ்சமும் அசையவில்லை.

ஐயோ, இவர் ஆடி மட்டும் பொறுக்க வேணுமே என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என்ன சிரிப்பு என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை சேர், வலது இடுப்பெலும்பு, ஆண் என்றாள். அதன்பிறகு கேட்டவை எல்லாவற்றுக்கும் எலும்பை விரலால் தடவித் தடவியே பதில் சொன்னாள். இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது என்றாள்.

பின்னேரம் சித்தியடைந்தவர்களின் பெயர்கள் ஒட்டியதும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"என்ன எலும்பு குடுத்தவர்?" என்றாள் உதயகலா.

"இடுப்பெலும்பு. முதல்லை நான் பாஸோ எண்டு கேளுங்கோவன் அம்மா."

"அது உன்ரை குரலிலையே தெரியுது. ஆணோ பெண்ணோ?"

"ஆம்பிளை."

மறுமுனையில் அம்மா தொலைபேசியை விலக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவது கேட்டது. "இஞ்சருங்கோ, வாற ஆடி அமாவாசைக்கு உங்கடை தகப்பனோடை இன்னொராளுக்கும் இலை போடவேணும்."

"ஆர் அவர்?" என்றது அப்பாவின் குரல் தூரத்திலிருந்து. அம்மா விளக்கிச் சொன்னதும், "உறைப்பைப் பற்றிப் பிள்ளையிட்டை ஒருக்காக் கேட்டு வையும்," என்றது.