உறைகுளிரில் ஓர் அழைப்பு

கூட்டம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கைப்பேசிகளுக்கென்று கம்பெனி சொந்தமாக எழுதிவந்த இயங்குதளத்தை நிறுத்தப் போகிறார்கள். இனி வெளியாரின் இயங்குதளம்தான். பின்லாந்தின் வடக்கே ஔலு நகர அலுவலகத்தில் பாதிப்பேர் அப்போதே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கிர்சியால் உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பதினோரு வருஷமாக அவள் பார்த்த வேலை ஒன்றுதான்: பேட்டரி சாகும் தறுவாயிலும் அவசர அழைப்பு போய்ச் சேர வேண்டும். கடுங்குளிரில் சில போன்கள் அழைப்புக்கு நடுவே அணைந்துவிடுவதாக இன்னும் வடக்கே பனிமான் மேய்ப்பவர்களிடமிருந்து புகார் வந்திருந்தது. அதற்கான திருத்தத்தை நேற்றுத்தான் எழுதி முடித்திருந்தாள். சோதிக்கத்தான் நேரமில்லை.

போன்களைக் குளிரில் வைத்துச் சோதிக்கும் அறை மேல்மாடியில் யார்மோவின் பொறுப்பில் இருந்தது. கம்பெனிக்குள்ளேயே போட்டியாக இன்னொரு இயங்குதளம் எழுதிய அணிக்காரன். அந்த அறைக்காக இரண்டு வருஷம் அவளோடு மல்லுக்கு நின்றவன்.

"உங்க கெழட்டுக் கழுத ஒருவழியா செத்துச்சா?" என்றான், அவள் அணியின் இயங்குதளத்தைச் சொல்லி.

"உன் குட்டி கண்ணே தொறக்கல. அதையும் சேத்துத்தான் பொதைச்சிருக்காங்க. அறைச் சாவியக் குடு."

"இனிமே யாருக்கு கிர்சி? ஜெயிச்ச அந்த வெளி கம்பெனிக்காரங்க ஹெல்சிங்கியில ஆள் எடுக்கறாங்க. நான் போறேன். உன் பேரையும் சொல்லி வச்சிருக்கேன்."

"எப்போ சொன்ன?"

அவன் காபியைக் கலக்கினான். "போன மாசம்."

நிறுத்தப் போவது போன மாசமே இவனுக்குத் தெரியும். அவளோ ராப்பகலாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. ஹெல்சிங்கியில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும் நாக்கு துடித்தது. இரண்டையும் விழுங்கிவிட்டுக் கையை நீட்டினாள். "சாவி."

மைனஸ் முப்பது டிகிரியில், திருத்தம் ஏற்றிய இருபது போன்களை அழைப்பில் போட்டு வைத்தார்கள். மூன்று மணி நேரம் அவள் கண்ணாடிக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். பத்தொன்பது கடைசிவரை தாங்கின. ஒன்று நடுவிலேயே அணைந்தது.

மேலாளர் வெய்க்கோ மணியைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் மூடச் சொல்லிருக்காங்க. ஒண்ணு போச்சே?"

"திருத்தத்துக்கு முன்னாடி இருபதுல ஏழு போச்சு."

அவர் கையெழுத்துப் போட்டார். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது திருத்தம் வெளியே, வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் போனது. அணைந்த அந்த ஒன்று ஏன் அணைந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கார் நிறுத்துமிடம் வரை யார்மோ கூடவே வந்தான். "ஹெல்சிங்கிக்கு என்ன சொல்லட்டும்?"

அவள் வண்டியில் ஏறினாள். வெளிவாசலுக்குப் போகாமல் நிறுத்துமிடத்தையே ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று வந்தாள். நிறுத்திய கார்களின் எஞ்சினைச் சூடாக வைக்க மின்சாரம் தரும் குட்டைக் கம்பங்கள் வரிசையாக நின்றன. அவசரத்தில் போனவர்கள் சுருட்டாமல் விட்ட கம்பிகள் பனியில் விறைத்து, காற்றில் கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.