நாலு ஓம்ஸ்

"அப்பன சாகடிச்ச கையி கொள்ளிக்கொடத்தத் தூக்கக்கூடாதுன்னு நான்..."

"மச்சான், பொணத்த நடுவுல வச்சிக்கிட்டு இப்படி..."

"வச்சிக்கிட்டுத்தான் கேக்குறேன்! பாட்டுப் போட்டு வேன் பேட்டரிய எறக்குனது யாரோட சவுண்டுப் பொட்டி? வேன் ஸ்டார்ட் ஆகியிருந்தா மாமா இந்நேரம் பதுளை ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்சிக்கிட்டு இருப்பாரு!"

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சாவுக்கு அடித்த தப்பு மேளம் நின்றுபோயிருந்தது. கலாராணி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, புருஷன் புவனேந்திரனையும் தம்பி சதீஸ்குமாரையும் மாறி மாறிப் பார்த்தாள். விடியற்காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, வாசலில் நின்ற தம்பியின் வேன் தள்ளியும் கிளம்பவில்லை. லுணுகலையிலிருந்து ஆட்டோ மேடு ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மருமகன் சொல்றதும் நாயந்தானே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "நேத்துத் தேருக்குப் போட்ட பாட்டுல எங்க வூட்டுச் சட்டிபானையெல்லாம் ஆடிருச்சுல்ல. அவரே தூக்கட்டும்."

"பெத்த மகன் நிக்கிறப்பவா?" என்றாள் அம்மா. யார் காதிலும் விழவில்லை.

சதீஸ் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் கலாராணிக்குப் பொறுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"நேத்து நீ காவடியில்ல தூக்குனே? வேன் சாவி யாருகிட்ட இருந்திச்சு?"

"விடுக்கா."

"அந்தப் பொட்டிய நீ மாட்டுறப்ப டோர்ச் புடிச்சவ நான். ரெண்டு சப்வூஃபரையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்தே. ரெண்டும் ரெண்டும் நாலு ஓம்ஸ், அதுக்குக் கீழ போனா ஆம்ப்ளிஃபயர் தாங்காதுக்கான்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"பொறகு?"

"கோத்தத அவுத்து, ரெண்டையும் ஆம்ப்ளிஃபயர்ல ஒரே முனையில சேத்துக் குடுத்திருக்கு. நாலு ஓம்ஸ் இருந்த எடத்துல இப்ப ஒரு ஓம்தான். சத்தம் தூக்கும். கரண்டயும் அப்படியே உறிஞ்சும். காலையில தொறந்தப்பவே பாத்தேன்."

"பாத்துட்டா வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறே?"

"நீ அவரோட வாழணும்லக்கா."

நேற்று தேருக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு, "இப்பதான்டா சவுண்டு!" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்ற புவனேந்திரன் அவள் கண்ணுக்குள் வந்தான். பின்கதவைத் திறந்தாள். கருகிய வாடை முகத்தில் அடித்தது. புதிதாக முறுக்கிய வயர்களின் மேல் பச்சை டேப். போன வாரம் புவனேந்திரன் பதுளையில் வாங்கிவந்தது. அப்பாவின் கைத்தடி பிளந்தபோது அவளே அதை எடுத்துச் சுற்றிக் கொடுத்திருந்தாள். "நம்ம தோட்டத்துலயே பச்சைக் கைத்தடி எனக்குத்தான்" என்று அவர் சிரித்தார்.

"அக்கா, வேணாம்."

அவள் வயரை டேப்போடு பிடுங்கினாள்.

வாசலில் புவனேந்திரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குடத்தைக் கையில் எடுத்திருந்தான். கலாராணி அப்பாவின் பக்கத்தில் கிடந்த கைத்தடியை எடுத்து அவன் காலடியில் வைத்தாள். அதன்மேல் வயரை வைத்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"ரெண்டு பச்சையும் ஒண்ணுதானான்னு கொஞ்சம் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க. சொல்லிட்டுக் கொடத்தத் தூக்குங்க."