சுசித்ராவின் திறந்த வண்டி

கூரை இல்லாததை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று கணபதிராமன் கேட்டார். மைசூர் யாதவகிரியில் அவர் வீட்டு வாசலில், ஒரு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. குடகில் ஏதோ எஸ்டேட் கொட்டகையில் பல வருஷம் கோழிகளோடு குடித்தனம் நடத்திய வண்டி. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததாம், இப்போது வெளிறிப்போன ரோஸ். மடக்கி விரிக்கிற துணி டாப் நார்நாராகத் தொங்கியது.

வாங்கியவள் அவருடைய மூத்த மகள் சுசித்ரா. முப்பத்து நாலு வயது, காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிறாள்.

"மழை பேஞ்சா என்ன பண்ணுவே?"

"நனைவேன்."

"வெயில் அடிச்சா?"

"காய்வேன்ப்பா."

ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ரிட்டையரான மனுஷர், எதிர்க்கேள்வியில் சளைத்தவர் இல்லை. ஆனாலும் அவர் கேட்க வந்த மூன்றாவது கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் உன்னைப் பார்ப்பாளே என்பதுதான் அது. அந்த வீட்டில் அதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

சுசித்ராவுக்குப் பன்னிரண்டு வயதில் இடது கண்ணோரம் ஒரு வெண்புள்ளி வந்தது. அப்புறம் உதட்டில், கழுத்தில், ரெண்டு கையிலும். வலிக்காது, ஒட்டாது, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்மா விசாலாக்ஷி கார்போக அரிசியை அரைத்து எண்ணெயில் குழைத்துத் தேய்த்தாள். தேய்த்து வெயிலில் உட்கார வைத்தாள். தோல் கொப்புளித்தது, புள்ளி போகவில்லை. வேறு எண்ணெய் வந்தது, மறுபடி தேய்த்தாள். அப்பா காருக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினார். போலீஸ் அபராதம் போட்டதும் அதைக் கிழித்துவிட்டுத் திரை மாட்டினார். கல்யாண மண்டபம் என்றால் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். பஸ்ஸில் போனால் அம்மா தன் முந்தானையை இழுத்து மகளின் கன்னத்தோடு பிடித்துக்கொண்டே வருவாள்.

கெட்டவர்கள் இல்லை. கஷ்டமே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். காலேஜில் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அவளைப் பார்த்து முடித்துவிட்டு, போர்டில் இருக்கிற கணக்கைப் பார்த்து முழிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வீட்டில்தான் இருபது வருஷமாகியும் பார்த்து முடியவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. அதனால்தான் மைசூரில் கிடைக்கிற அத்தனை மூடிய கார்களையும் விட்டுவிட்டுத் தேடிப்பிடித்துத் திறந்த கார் வாங்கினாள்.

மண்டி மொஹல்லாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மனோஜ்குமார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரன், தமிழ் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அன்று மலரவில்லை.

"ஏனுங்க மேடம், இதையப் போயி வாங்கியிருக்கீங்க? இதுக்குப் பேசாம கோழியவே வளர்த்திருக்கலாமுங்க."

"முடியுமா, முடியாதா?"

"முடியாதுன்னு ஆருங்க சொன்னா?"

ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. வெளி உடம்பு ஃபைபர் என்பதால் பிழைத்தது. தரைத்தகடு அப்பளமாக உதிர்ந்தது. டாப் மடங்கி உட்காருகிற பள்ளத்தில் தண்ணீர் வடிய ரெண்டு துளைகள் உண்டு. அவற்றைக் கோழி இறகு அடைத்து, மழைத் தண்ணீரெல்லாம் காலடியில் தேங்கித் தகட்டைத் தின்றிருந்தது. சுசித்ரா சைக்கிள் கம்பியை விட்டுத் துளைகளைக் குடைந்தாள். மனோஜ்குமார் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தான். எலி கடித்த ஒயர்களை அவள் ஒவ்வொன்றாகத் தேடி இணைத்தாள். பிரேக் இறுகிக் கிடந்தது, பெட்ரோல் டேங்கில் துருவும் மண்ணும் கலந்து கஷாயமாகியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றினார்கள், கழுவினார்கள், தேறாததை மாற்றினார்கள். அரைக்கை சட்டையில், கிரீஸ் அப்பிய கைகளோடு அவள் வண்டிக்கடியிலிருந்து வெளியே வரும்போது ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். கிரீஸைப் பார்த்தார்களா புள்ளியைப் பார்த்தார்களா என்று அவள் கேட்கப் போகவில்லை.

டாப்பை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. கறுப்புக் கித்தான் வாங்கி, குஷன் கடை மெஷினில் உட்கார்ந்து தானே தைத்தாள். முதல் தடவை தைத்ததைச் சோதிக்கத் தங்கை பிரதிபாவை உள்ளே உட்கார வைத்து மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். உள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரதிபா, "அக்கா, ஷவர் நன்னா இருக்கு, சோப்பு குடு" என்றாள். பிரித்து, இரட்டைத் தையல் போட்டு, தையல் மேல் மெழுகு தேய்த்தபிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை. வண்டி மறுபடி சிவப்பாயிற்று. நவராத்திரி தொடங்கும்போது வீட்டுக்கு வந்தது.

கூடவே பிரதிபாவுக்கு வரனும் வந்தது. பெங்களூர்ப் பையன், ஃபோனில் பேசிப் பேசி இவளுக்குப் பிடித்தும்விட்டது. தசரா லைட்டிங்கையும் பெண்ணையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று அவன் வீட்டார் ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள். முதல் நாள் கணபதிராமன் மூத்த மகளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"நீ புனேல வேலையா இருக்கேன்னு சொல்லிட்டேன். வாயில வந்துடுத்து. நாளைக்கு மத்தியானம் வண்டியை எடுத்துண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் போயிட்டு, அவா போனப்புறம் வா. டாப்பை மூடிண்டு, பின் சந்து வழியா போ. பிரதிபாகிட்ட சொல்லாதே."

சுசித்ராவுக்குச் சுருக்கென்றது. இருக்கிற வீட்டிலேயே இல்லாதவளாக்கிவிட்டார். ஆனால் குடைக்குள் உட்கார்ந்து சோப்புக் கேட்ட தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. "சரி" என்றாள். அந்தச் 'சரி' ராத்திரி முழுக்க நெஞ்சில் முள்ளாக நின்றது.

மறுநாள் காலை முன் கேட்டில் வண்டிக்குப் பூஜை. வாழைக்கன்று, சாமந்தி மாலை, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். அந்த வீட்டுப் பழக்கப்படி விசாலாக்ஷிதான் சந்தனமும் மஞ்சளும் குழைத்து வண்டிக்கு இடுவாள். இருபது வருஷமாக வழவழப்பான தகரத்தில் இட்டுப் பழகிய கை. துணியென்று யோசிக்காமல், பெரிய மகள் தைத்த டாப்பாயிற்றே என்ற பெருமையில், கித்தான் முழுக்கத் தாராளமாகப் பட்டை பட்டையாக இழுத்துவிட்டாள். தகரமாக இருந்தால் ஈரத்துணியில் போயிருக்கும். கித்தான் குடித்துவிட்டது.

மத்தியானம் சுசித்ரா சாவியோடு வந்தபோது அம்மா வண்டியின் மேல் கவிழ்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாத்ரூம் கழுவுகிற பிளீச்சிங் பாட்டில். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். மஞ்சள் போன இடமெல்லாம் கறுப்பும் சேர்ந்து போய், டாப் முழுக்க வெள்ளைத் திட்டுகள். ஒன்று கை அகலம், ஒன்று விரல் நீளம்.

"ஐயோ, போக மாட்டேங்கறதுடீ. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா போயிடும்" என்று அம்மா அழுதுகொண்டே தேய்த்தாள்.

சுசித்ராவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! வாயைத் திறந்தவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். அதே கை, அதே அழுத்தம், அதே அழுகை. பன்னிரண்டு வயதுக் கழுத்து எரிந்தது. கோபம் எங்கேயோ போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது.

அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "தேய்ச்சது போதும்மா. எனக்கும் போதும், இதுக்கும் போதும்."

விசாலாக்ஷி பிரஷ்ஷைக் கீழே போட்டாள். மகள் எதைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. மகளின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சுசித்ரா கொக்கிகளை விடுவித்து டாப்பை மடக்கிப் பின்னால் தள்ளினாள். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? சத்தம் கேட்டு அப்பா வந்தார்.

"மணியாறது. டாப்பை ஏன் திறக்கறே?"

"நான் பின் சந்து வழியா போகலேப்பா. முன் கேட் வழியா போயிட்டு, முன் கேட் வழியாவே வருவேன்."

"பிரதிபா வாழ்க்கையை யோசிச்சுப் பாரு."

"என் வாழ்க்கையை யாராவது யோசிச்சேளா?"

புதுப்புடவையும் பாதிப் பின்னலுமாகப் பிரதிபா வந்து நின்றாள். "என்னப்பா? ஏன் பின் சந்து?" சுசித்ராதான் சொன்னாள், புனே கதை முழுவதையும். கோபம் வந்தால் பிரதிபாவுக்குத் தமிழ் ஓடிப்போய்க் கன்னடம் வந்து நிற்கும். "ஸாகுப்பா" என்றாள், போதும் என்று. பிறகு நிதானமாகத் தமிழுக்குத் திரும்பினாள். "அக்காவைப் பார்த்துட்டுப் போற சம்பந்தம்னா போகட்டும். எனக்கும் அழும்பு உண்டு."

சுசித்ரா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பெங்களூர்க்காரர்களின் கார் வந்து நின்றது. தசரா கூட்டத்துக்குப் பயந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கேட் முழுக்கச் சிவப்பு வண்டி மறித்து நின்றதால் உள்ளே வர வழியில்லை. பையனின் அம்மா இறங்கி வந்து, திறந்த வண்டியில் ஸ்டியரிங் பிடித்திருந்தவளைப் பார்த்தாள். கண்ணோரம், உதடு, கை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இவா யாரு?"

கணபதிராமன் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு முடியட்டும் என்று சுசித்ரா காத்திருக்கவில்லை.

"நான் சுசித்ரா. மூத்த பொண்ணு. புனேல இல்லே, எப்பவும் இந்த ஆத்துலதான் இருக்கேன். பூஜை போட்ட வண்டி மொதல்ல வெளியே போகணும் மாமி, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கோ. ஒரு ரவுண்டு போயிட்டு வரேன், வந்தப்புறம் கேக்கறதை என்னையே கேளுங்கோ."

அந்த அம்மாள் என்ன நினைத்தாளோ, ஓரடி ஒதுங்கினாள். பிரதிபா முன்னால் வந்து, "வாங்கோ மாமி" என்றாள், தலை குனியாமல்.

வண்டியின் அடுத்த கதவு திறந்தது. விசாலாக்ஷி பிளீச்சிங் நாற்றக் கையோடு ஏறி உட்கார்ந்தாள். "நானும் வரேன்."

நாலு எலுமிச்சம்பழமும் நசுங்க வண்டி தெருவுக்கு இறங்கியது. ரயில்வே ஸ்டேஷன் சிக்னலில் தசரா கூட்டம் நெரித்தது. பஸ்ஸிலிருந்து, ஆட்டோவிலிருந்து, நடைபாதையிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். சிவப்பு வண்டியைப் பார்த்தார்கள், அப்புறம் அவளைப் பார்த்தார்கள். சுசித்ரா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே படபடப்பு இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

பழக்க தோஷம், விசாலாக்ஷியின் கை முந்தானையை இழுத்துக்கொண்டு மகளின் கன்னத்துப் பக்கம் உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. அவள் அந்த முந்தானையைத் தன் இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பார்க்கறவா பார்க்கட்டும்" என்றாள். "பச்சை விழுந்தாச்சு, நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."