கட்டை விரல் லாக்டேட்

நோயாளியின் கால் கட்டை விரலைத் தொட்டால் போதும், ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்று புள்ளி வைத்துச் சொல்லிவிடுவாள் நர்ஸ் கோமளம். அவளே சொல்லிக்கொண்டது. போர்வைக்கு மேலே தொட்டாலும் சொல்வாளாம். என்ன, புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் கொஞ்சம் மங்கலாகத் தெரியுமாம்.

அல்சூரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி முழுக்க இதை நம்பியது. நம்பாதவன் ஒருவன்தான், லேப் நாகேஷ். எப்படி நம்புவான்? அடிபட்டு வருகிறவர்களுக்கு உள்ளே ரத்த ஓட்டம் குறைந்தால் லாக்டேட் ஏறும். இறங்கினால் பிழைக்க வழி உண்டு. அந்த எண்ணைச் சொல்வதற்கென்றே பன்னிரண்டு வருடமாக மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவன் அவன். டாக்டர்களோ அவன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே, கோமளம் அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். அப்போதெல்லாம் அவன் வயிறு எரிந்த சூட்டில் கேன்டீனுக்கே தோசை வார்த்திருக்கலாம்.

அவனால் முடிந்தது ஒன்றுதான். கோமளத்தின் கையெழுத்து உள்ள ட்யூபை வரிசையின் கடைசிக்குத் தள்ளுவான்.

அன்று தள்ளியது முனிராஜுடைய ரத்தம். ஆஸ்டின் டவுன் ஆட்டோக்காரர். அத்திபெலேயில் லாரி இடித்து, வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் கிடந்தார். ட்யூப் ஜன்னலோர வெயிலில் இரண்டு மணி நேரம் காய்ந்தது. பிறகு மெஷினில் வைத்தான். 4.6. காலையில் 2.8தான் இருந்தது.

எண் ஏறுகிறதென்றால் உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று டாக்டர் சுப்ரியா மறுபடி வயிற்றைத் திறக்கத் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். முனிராஜின் மனைவி காந்தா கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டாள்.

கோமளம் போய்க் கட்டை விரலைப் பிடித்தாள்.

"ஸ்வல்ப பொறுங்க டாக்டர். விரல் வெதுவெதுன்னு இருக்கு. ரெண்டு புள்ளி நாலு. வெட்டாதீங்க."

ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்ற நாகேஷுக்குச் சுருக்கென்றது. ட்யூபுக்குள் அடைபட்ட ரத்தம் சும்மா இருப்பதில்லை. ஐஸில் வைக்காவிட்டால் தானாகவே லாக்டேட்டை ஏற்றிக்கொண்டு போகும். வேலையில் சேர்ந்த முதல் நாளே படித்த பாடம். சொன்னால் அவள் ஜெயிப்பாள். சொல்லாவிட்டால் முனிராஜ் வயிற்றில் கத்தி. மூன்று நொடி யோசித்தான். அவனுக்கு அது மூன்று அமாவாசை.

"இன்னொரு சாம்பிள் எடுங்க. நானே கொண்டுபோறேன்."

ஐஸ் டப்பாவோடு அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து லிஃப்ட் வெட்கப்பட்டு நடுவழியில் நின்றுவிட்டது. மெஷின் 2.4 என்றது. அதை ஒரு தட்டு தட்டி மறுபடி ஓட்டினான். 2.4.

தியேட்டரை நிறுத்தினார்கள். சுப்ரியா கோமளத்தின் பக்கம் திரும்பி, முதலில் ரத்தம் எடுத்தபோது கையில் கட்டிய பட்டையை அவிழ்க்க மறந்துவிட்டாரா, அதனாலும் எண் ஏறுமே என்று கேட்டார். கோமளத்தின் முகம் சிறுத்துப் போனது. நாகேஷ் பன்னிரண்டு வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம். இரண்டு விநாடி கண்குளிரப் பார்த்தான்.

"அக்கா மேல தப்பில்ல மேடம். நான்தான் வயித்தெரிச்சல்ல ட்யூபை வெயில்ல போட்டுட்டேன்" என்றான். பிறகு, மயக்க ஊசி போடாமல் பல் பிடுங்கினவன் குரலில் சொன்னான்:

"விரலைத் தொட்டுத்தான் சொன்னாங்க. ரெண்டு புள்ளி நாலு. என் கண்ணால பார்த்தேன்."