இன்றைய டாக்டர்

சட்டமன்றத்துக்காரர்களுக்குத் தொண்டை கட்டும், வயிறு உப்பும், ரத்தக் கொதிப்பு ஏறும். கத்துவதும் விருந்து சாப்பிடுவதுமே வேலையாக இருப்பவர்களுக்கு வேறென்ன வரும்? அதற்கென்றே அந்த அமெரிக்க மாநிலத்தில் கூட்டத்தொடர் நடக்கிற நாளெல்லாம் எந்த ஊரிலிருந்தாவது ஒரு டாக்டரை வரவழைத்துக் கீழ்த்தளத்துச் சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். சம்பளம் கிடையாது. ‘இன்றைய டாக்டர்’ என்று ஒரு பட்டம் உண்டு. சபையில் பெயரைச் சொல்வார்கள், டாக்டர் எழுந்து நிற்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அங்கே டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது. அது விதி.

அன்று அந்தப் பட்டம் நெட்டி காலவேக்கு. அவளுடைய மாவட்டத்தில் பிரசவம் பார்க்க அவள் ஒருத்திதான். இந்த மாதிரி அழைப்புகளை எல்லாம் எப்போதும் குப்பையில் போடுகிறவள், இந்த முறை தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு வரிக்காக வந்திருந்தாள்.

அந்த ஆள் அவள் ஊர் உறுப்பினர் வெண்டல் பிளெட்சோ. டிராக்டர் விற்றுப் பணம் பார்த்து, தேவாலயத்தில் முன்வரிசை பிடித்து, அங்கிருந்து நேராகச் சட்டமன்றத்துக்கு ஏறியவர். கருக்கலைப்பை அடியோடு தடை செய்யும் அவருடைய சட்டம் அன்றைக்கு வாக்கெடுப்புக்கு வந்தது. அதில் ஒரு வேடிக்கை. வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று சொன்ன பழைய தீர்ப்பை என்றைக்கு மாற்றுகிறதோ அன்றைக்குத்தான் அது உயிர் பெறும். அதுவரை தூங்கும். நிச்சயமே ஆகாத கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற காரியம். செலவில்லாமல் ஓட்டு வருகிறது என்றால் கசக்குமா? அத்தனை பேரும் கைதூக்கத் தயாராக இருந்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் குறைவு.

நெட்டி படித்திருந்தாள். தாயின் உயிர் போகிற அந்தக் கட்டத்தில் மட்டும்தான் டாக்டர் கை வைக்கலாம். முன்கூட்டியே வைத்தால் பத்து வருஷம் சிறை. வாஷிங்டனில் தடைக்குச் சாதகமான நீதிபதிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்ததையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

காலையில் முதல் ஆளாக வெண்டலே வந்து நாற்காலியில் சாய்ந்தார். குரல் கரகரத்தது.

“அட, நம்ம ஊர் டாக்டரம்மா. இந்தத் தொண்டைய எப்படியாவது சரி பண்ணி விடுங்க. இன்னிக்கு என் நாளு.”

நெட்டி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தாள், மாத்திரை கொடுத்தாள். குரல் கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டாள்.

“வெண்டல், உங்க சட்டத்துல ஒரு வரி சேக்கணும். பனிக்குடம் உடைஞ்சு, குழந்தை பிழைக்காதுன்னு ஆயிட்டா, தாய்க்குக் கிருமி ஏறிக் காய்ச்சல் வர்ற வரைக்கும் காத்திருக்காம நாங்க வேலையப் பார்க்கலாம்னு.”

“அது அமலுக்கே வராது டாக்டரம்மா. அது எந்தக் காலத்துத் தீர்ப்பு, அதப் போய் மாத்துவாங்களா? நம்ம மனசு எந்தப் பக்கம்னு காட்டுறோம், அவ்வளவுதான்.”

“வராதுன்னா ஒரு வரி சேத்தா என்ன குறைஞ்சு போகும்?”

“சேத்தா திரும்பக் குழுவுக்குப் போகும். தெக்க இருக்கிற மாநிலத்துக்காரன் இதே சட்டத்தப் போட்டு முந்திக்குவான். ஓட்டை விழுந்த சட்டம்னு ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல என்னையே கிழிப்பாங்க. கட்சிக்குள்ளயே என் சீட்டுக்கு ஒருத்தன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான், தெரியுமில்ல?”

“லோரீனுக்கு நான் செஞ்சதுக்கு இதுல இடமிருக்கா?”

லோரீன் அவர் மனைவி. வெண்டல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“அது வேற.”

“எப்படி வேற?”

“அது வைத்தியம். நாங்க குழந்தை வேணும்னு தவம் கிடந்தவங்க. கண்ட பொண்ணுங்க பண்றதும் அதுவும் ஒண்ணா?”

“தவம் கிடந்தவங்களுக்கு இது பொருந்தாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க.”

“எந்த போலீஸ்காரன் வந்து உங்களப் பிடிக்கப் போறான்? நம்ம ஊர்ல எல்லாம் நம்மாளுங்க” என்றார் வெண்டல். மேசையிலிருந்த தொண்டை மிட்டாய்களை ஒரு கை அள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தக் குரலைச் சரி செய்து அனுப்பிய தன் கையின் மீதே நெட்டிக்கு அருவருப்பாக இருந்தது.

சபையில் அந்தக் குரல் கணீரென்று ஒலித்தது. பெயர் சொல்லும் நேரத்துக்காக நெட்டியும் மேலே வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் பேசி முடித்ததும் எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து, இதை எழுதுவதற்கு முன் ஏதாவது டாக்டரைக் கேட்டீர்களா என்றார்.

“கேக்காம இருப்பேனா? அதோ, எங்க ஊர் டாக்டர். காலையிலதான் ரெண்டு பேரும் உக்காந்து இதைப் பத்திப் பேசினோம். எங்க ஊர்ப் பிள்ளைங்க பாதிப் பேர் இவங்க கையிலதான் பொறந்தாங்க. எழுந்திருங்க டாக்டரம்மா.”

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் அந்த மனிதரின் சாமர்த்தியம். நெட்டி எழுந்தாள். “நான் அவர்கிட்ட சொன்னது...” என்று ஆரம்பித்தாள். சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார்.

“டாக்டருக்குப் பேச அனுமதி இல்லை. நம்ம நன்றியை மட்டும் ஏத்துக்கணும்.”

எல்லோரும் சிரித்தபடி எழுந்து பலமாகக் கைதட்டினார்கள். திறந்த வாயோடு நெட்டி அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நின்றாள். அவள் சொல்ல வந்தது அதில் அமுங்கிப் போனது. அவள் எழுந்து நின்றதே சம்மதமாகச் சபைக்குறிப்பில் ஏறியது. மாடத்தில் குடும்பத்தார் வரிசையில் லோரீன் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கீழே நெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் நிறைவேறியது. ஒரு வரியும் சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெண்டல் மறுபடி அறைக்கு வந்தார். பின்னாலேயே அவருடைய மேல்கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு லோரீன் வந்து வாசலில் நின்றாள்.

“டிவிக்காரங்க வர்றாங்க டாக்டரம்மா, இன்னொரு தடவ இந்தத் தொண்டையப் பாருங்க. அப்புறம் ஒரு சந்தோஷச் செய்தி, எங்க பொண்ணு டெஸ்ஸா முழுகாம இருக்கா. அவள எடுத்த கைதான் அவ பிள்ளையையும் எடுக்கணும், சொல்லிட்டேன்.”

“வாயத் திறங்க. ஆ சொல்லுங்க.”

திறந்தார். நெட்டி விளக்கை அடித்து, மரக்குச்சியை நாக்கின் மேல் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை.

“இப்ப உங்களுக்குப் பேச அனுமதி இல்லை. விதி. பதினெட்டு வாரத்துல பனிக்குடம் உடைஞ்சு வந்தா லோரீன். குழந்தைக்கு இதயம் துடிச்சுட்டுத்தான் இருந்துது. லோரீனுக்குக் காய்ச்சல்கூட வரல. காத்திருந்தா இவளும் போயிடுவான்னு சொன்னேன். நீங்க என் கையைப் பிடிச்சுட்டு அழுதீங்க. ‘இன்னும் எதுக்கு நிக்கிறீங்க, என் பொண்டாட்டியக் காப்பாத்துங்க’ன்னீங்க. நான் காப்பாத்தினேன். அதுக்கப்புறம் பொறந்தவதான் டெஸ்ஸா. நான் அன்னிக்குச் செஞ்சதுக்குத்தான் நீங்க இன்னிக்குப் பத்து வருஷம் எழுதியிருக்கீங்க. டெஸ்ஸாவுக்கு அப்படி ஒண்ணு வந்தா, நான் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு அவளுக்கு எப்பக் காய்ச்சல் ஏறும்னு பாத்துட்டு இருக்கணும்.”

“ஆ...” என்றார் வெண்டல். கண்ணில் நீர் வந்தது. குச்சி அழுத்தினால் எல்லோருக்கும் வருகிற நீர்தான்.

நெட்டி குச்சியை எடுத்துத் தொட்டியில் எறிந்தாள். “தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

வெண்டல் இருமிக்கொண்டே எழுந்து டையைச் சரி செய்தார். “அதுதான் அமலுக்கே வராதுன்னு சொல்றேனே. லோரீன், வா, போலாம்.”

லோரீன் நகரவில்லை. மேல்கோட்டை அவர் கையில் திணித்துவிட்டு, அவர் எழுந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, ஆத்துக்கு அந்தப் பக்கம், இந்தச் சட்டமெல்லாம் இல்லாத மாநிலத்துல உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர் யாராவது இருக்காங்களா? டெஸ்ஸாவுக்கு இப்பவே பேசி வைக்கணும்.”